‘சர்வர் வேலை செய்யவில்லை’ என்றால் என்ன செய்வது?

உரக்கடை, ரேஷன் கடை, நெல் கொள்முதல் நிலையம், இ-சேவை மையம் ஆகிய எல்லா இடங்களிலும் இன்று அடிக்கடி காதில் விழும் சொற்கள் மூன்று: ‘சர்வர் வேலை செய்யவில்லை’. இதைக் கேட்டதும் உழவர் திரும்பி நடக்கிறார். மறுநாள் மீண்டும் வருகிறார். அன்றும் அதே பதில் கிடைத்தால் இரண்டு நாள் கூலி போயிற்று. கடைக்காரர் மேல் கோபித்துப் பயனில்லை; அவருக்கும் கருவியைத் தட்டிப் பார்ப்பதைத் தவிர வேறு வழி சொல்லித் தரப்படவில்லை.

பூச்சி மருந்தும் விதை நேர்த்தியும் எழுத வேண்டிய பக்கத்தில் கம்ப்யூட்டரைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று சிலர் கேட்கலாம். காரணம் இருக்கிறது. நாடு முழுவதும் 2018-ஆம் ஆண்டு முதல் மானிய உரங்கள் விற்பனைக் கருவியில் பதிவு செய்தே விற்கப்படுகின்றன. நட்ட நெல்லுக்குத் தழைச்சத்தைப் பிரித்து இடுங்கள் என்று நாங்கள் ஓயாமல் சொல்லி வருகிறோம். தூர் கட்டும் பருவத்தில் ஒரு பங்கும், கதிர் உருவாகும் பருவத்தில் ஒரு பங்கும் போய்ச் சேர வேண்டும். வயலில் நீரை வடித்துவிட்டு யூரியாவுக்காகக் கடைக்கு வந்தவரிடம் கருவி நின்றுவிட்டது என்று சொன்னால் பயிர் காத்திருக்குமா? ஏரிப் பாசனத்தில் முறை வைத்து வரும் தண்ணீரும் அவருக்காகக் காத்திருக்காது. ஆகவே, ‘சர்வர்’ என்பதும் இன்று மழையைப் போலவே பருவத்தோடு சேர்த்து எண்ண வேண்டிய ஒன்றாகிவிட்டது.

காஞ்சிபுரம் மக்களுக்கு இது புதிய செய்தியல்ல. 2023-ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று, கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் காஞ்சிபுரத்தில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. மாதம் 1,000 ரூபாய் பெற சுமார் 1 கோடியே 6 லட்சம் பெண்கள் தேர்வாயினர். இவ்வளவு பேருக்கு ஒரே நேரத்தில் வங்கிக் கணக்கில் பணம் சேர்ப்பது கணிப்பொறி இல்லாமல் நடக்கக் கூடிய காரியமன்று. ஆனால், விண்ணப்பம் ஏற்கப்படாதவர்கள் மேல்முறையீடு செய்யலாம் என்று அறிவித்தவுடன், மாநிலமெங்கும் இ-சேவை மையங்களில் கூட்டம் திரண்டது, இணையதளம் திணறியது. ஒரே வாரத்தில், ஒரே ஊரில் தொடங்கிய ஒரே திட்டத்தில், கணிப்பொறியின் பலத்தையும் பலவீனத்தையும் சேர்த்தே கண்டோம்.

ஏரிகள் நிறைந்த மாவட்டம் இது. இங்குள்ள எந்த ஏரியைப் பார்த்தாலும் மதகு இருக்கும், கலங்கலும் இருக்கும். ஏரி கட்டியவர்கள் கரை உடையும் என்று நம்பிக் கலங்கல் வைக்கவில்லை. ஓர் ஆண்டு இல்லாவிட்டால் ஓர் ஆண்டு, கொள்ளளவுக்கு மேல் நீர் வரும் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த நீர் எங்கே இறங்க வேண்டும் என்பதைக் கரை போடும்போதே தீர்மானித்தார்கள். நமது நலத்திட்டங்களின் கணிப்பொறி ஏற்பாட்டில் மதகு நன்றாக அமைந்திருக்கிறது. கலங்கலைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

முன்னேற்பாடு செய்தவர்களும் செய்யாதவர்களும்

இந்த எண்ணம் புதிதன்று. பழைய கணிப்பொறிகளில் ஆண்டைக் கடைசி இரண்டு இலக்கங்களால் மட்டும் குறித்து வந்தார்கள். 2000-ஆம் ஆண்டு பிறந்ததும் ‘00’ என்பதை 1900 என்று கணிப்பொறி கருதிவிட்டால் ஓய்வூதியமும் உதவித்தொகையும் என்னாகும் என்ற கவலை எழுந்தது. அமெரிக்காவில் முதியோர் ஓய்வூதியம் வழங்கும் சமூகப் பாதுகாப்பு அலுவலகம், 1989-ஆம் ஆண்டிலேயே, அதாவது முழுதாகப் பத்தாண்டுகளுக்கு முன்பே, திருத்த வேலையைத் தொடங்கியது. உதவி வழங்கும் மற்ற அலுவலகங்களும் கணிப்பொறி நின்றால் கையால் எப்படி வேலை நடத்துவது என்று தனித் திட்டம் எழுதி வைத்தன. 2000 ஜனவரி முதல் நாள் பெரிய சேதமின்றிக் கழிந்தது. ஒன்றுமே நடக்கவில்லையே, எல்லாம் வீண் செலவு என்று பின்னர் பலர் பேசினார்கள். ஐப்பசிக்கு முன் கரையைப் பலப்படுத்திவிட்டு, கரை உடையவில்லையே, மண் போட்டது வீண் என்று யாரும் சொல்வதில்லை.

அதே அமெரிக்காவில் 2013 அக்டோபர் 12 அன்று நடந்ததைப் பாருங்கள். ஏழைகளுக்கான உணவு உதவி அங்கே ஓர் அட்டை மூலம் வழங்கப்படுகிறது. மின்சாரம் போனால் பயன்படும் மாற்று ஏற்பாடு சரியாக இயங்குகிறதா என்று ஒப்பந்த நிறுவனம் அன்று சோதித்தது. அந்தச் சோதனையிலேயே கணிப்பொறி நின்றுபோய், 17 மாநிலங்களில் அட்டைகள் செயலிழந்தன. இத்தகைய நேரத்தில் கையெழுத்துச் சீட்டில் 50 டாலர் வரை பொருள் கொடுக்கலாம் என்ற விதி லூசியானா மாநிலத்தில் இருந்தது. ஆயினும் அங்கே இரண்டு ஊர்களின் பெரிய கடைகளில் வரம்பைப் பார்க்காமல் விற்றார்கள். சில மணி நேரத்தில் அலமாரிகள் காலியாகிவிட்டன. மற்ற இடங்களில் பலர் கூடை நிறைய எடுத்த பொருளை அப்படியே வைத்துவிட்டுப் பட்டினியோடு வீடு திரும்பினார்கள். விதி இருந்தும், கல்லாவில் நின்றவரிடம் அது போய்ச் சேராததன் விளைவு இது.

நம் நாட்டிலும் சான்றுகள் உண்டு. 2022 நவம்பர் 23 அன்று டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணிப்பொறிகளை விஷமிகள் முடக்கியபோது, இரண்டு வாரம் போல நோயாளிகளின் பதிவு காகிதத்தில்தான் நடந்தது. 2024 ஜூலை 19 அன்று ஒரு பாதுகாப்பு மென்பொருளில் ஏற்பட்ட பிழையால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் கணிப்பொறிகள் நின்றன. ஐதராபாத் விமான நிலையத்தில் பயணிகளுக்குக் கையால் எழுதிய சீட்டுகள் கொடுக்கப்பட்டன. விமானத்துக்கே கையெழுத்துச் சீட்டு செல்லுபடியாகும்போது, பத்துக் கிலோ அரிசிக்கு ஏன் செல்லாது என்று கேட்கத் தோன்றுகிறது. அதே ஜூலை 31 அன்று, சிறு வங்கிகளுக்குக் கணிப்பொறிச் சேவை தரும் ஒரு நிறுவனம் தாக்கப்பட்டதால், ஏறக்குறைய 300 கூட்டுறவு வங்கிகளும் கிராம வங்கிகளும் பணப் பரிமாற்ற வலையிலிருந்து ஒரு நாள் விலக்கி வைக்கப்பட்டன. உழவர்களின் பணம் இருப்பது பெரும்பாலும் இத்தகைய வங்கிகளில்தான்.

தேய்ந்த விரல்கள்

சர்வர் நன்றாக வேலை செய்தாலும் கருவி ஒருவரை அடையாளம் காண மறுக்கலாம். தமிழ்நாட்டில் 2017-ல் ஸ்மார்ட் குடும்ப அட்டைகள் வந்தன. 2020 அக்டோபர் முதல் ரேஷன் கடைகளில் விரல் ரேகை வைக்கும் முறை வந்தது. நாற்று நடும் பெண்கள், அரிவாள் பிடிப்பவர்கள், சுண்ணாம்பும் சிமென்ட்டும் கலப்பவர்கள் ஆகியோரின் ரேகை தேய்ந்திருக்கும். காஞ்சிபுரத்தில் இவர்களோடு பட்டுத் தொழிலாளரையும் சேர்க்க வேண்டும். கச்சாப் பட்டின் பசையை நீக்க சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் நூலை அலசுகிறார்கள். பின்னர் சாயத் தொட்டியில் முக்கி முக்கி எடுக்கிறார்கள். தறியில் அமர்பவர் நாள் முழுவதும் பாவு நூலையும் ஜரிகையையும் விரல் நுனியால் தடவிப் பார்க்கிறார். நாற்பது ஆண்டு இந்த வேலை செய்த விரலில் ரேகையை எங்கே தேடுவது? “ஐயா, என் கை நெய்த சேலையை அடையாளம் தெரிகிறது, என் கையை அடையாளம் தெரியவில்லையாம்” என்று பிள்ளையார்பாளையத்து நெசவாளி அம்மாள் ஒருவர் சொன்னார். அவருக்கு அன்று அரிசி கிடைக்கவில்லை. தறியும் அரை நாள் நின்றது.

இது குறித்து ஆதார் ஆணையமே 2017 அக்டோபர் 24 அன்று ஒரு சுற்றறிக்கை அனுப்பியுள்ளது. விரல் ரேகை பொருந்தாவிட்டாலோ, இணைய இணைப்பு, மின்சாரம் ஆகியவை இல்லாவிட்டாலோ பயனாளியைத் திருப்பி அனுப்பக் கூடாது. அட்டையைப் பார்த்துப் பொருளைக் கொடுத்து, விதிவிலக்குப் பதிவேட்டில் எழுத வேண்டும். அந்தப் பதிவேட்டை மேலதிகாரிகள் தணிக்கை செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். இது வந்த காலத்தையும் நினைவில் கொள்ள வேண்டும். அதற்கு முந்தைய மாதம், ஜார்க்கண்ட் மாநிலம் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். பட்டினியால் இறந்தாள் என்று தாயார் சொன்னார். நோயால் இறந்தாள் என்று அரசு சொன்னது. ஆதாருடன் இணைக்கப்படாததால் அக்குடும்பத்தின் ரேஷன் அட்டை நீக்கப்பட்டிருந்தது என்பது மட்டும் உண்மை. நாடு முழுவதும் இது பேசப்பட்டது.

இந்தச் சுற்றறிக்கையை நான் பேசும் கூட்டங்களில் எல்லாம் சொல்கிறேன். கேட்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அன்றுதான் முதல் முறையாகக் கேள்விப்படுகிறார்கள். விற்பனையாளர்கள் சிலரும் அப்படியே.

மழைக்காலம்

கருவி நிற்பதற்குத் தாக்குதலோ பிழையோ வேண்டியதில்லை, ஒரு புயல் போதும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் காஞ்சிபுரம் மாவட்டத்தில் பல குடும்பங்கள் பட்டா, ரேஷன் அட்டை, பாஸ் புத்தகம் அனைத்தையும் தண்ணீரில் இழந்தன. மாற்று ஆவணங்கள் வழங்க அரசு தனி முகாம்கள் நடத்தியது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்தபின், சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் மின்சாரமும் செல்போனும் இல்லாமல் மக்கள் தவித்தனர். அது பழைய நோட்டுகள் செல்லாது என அறிவிக்கப்பட்ட சமயம். கையில் ரொக்கம் இல்லை, அட்டை தேய்க்கும் கருவிக்கு இணைப்பும் இல்லை. நல்ல வேளையாக அப்போது ரேஷன் கடை விரல் ரேகையை நம்பியிருக்கவில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அரசு செய்தது கவனிக்கத்தக்கது. சென்னையிலும் சுற்றுமுள்ள மாவட்டங்களிலும், நமது மாவட்டத்தில் குன்றத்தூர், ஸ்ரீபெரும்புதூர் வட்டங்களின் பாதிக்கப்பட்ட பகுதிகளிலும், 6,000 ரூபாய் நிவாரணத்தை வீடு வீடாக டோக்கன் கொடுத்து, ரேஷன் கடையில் ரொக்கமாக வழங்கினார்கள். வங்கிக் கணக்கில் போட்டிருக்கலாமே என்று அப்போது குறை கூறியவர்கள் உண்டு. வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் புகுந்து, செல்போன் நனைந்து, ஏ.டி.எம். அட்டை காணாமல் போன குடும்பத்தாருக்குக் காகித டோக்கனின் அருமை தெரியும். நிவாரணத்துக்குக் கண்டுபிடித்த இந்த வழியை அன்றாட அரிசிக்கும் யூரியாவுக்கும் எழுதி வைப்பதில் என்ன தடை?

கடைகளும் சங்கங்களும் செய்ய வேண்டியவை

முதலாவதாக, எத்தனை நேரம் காத்திருப்பது என்று ஒரு வரம்பு வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் கருவி நின்றால் கைப்பதிவுக்கு மாறலாம் என்ற அதிகாரம் கடையில் இருப்பவரிடமே இருக்க வேண்டும். மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றால் மேலே உள்ளவரின் செல்போனும் அன்று வேலை செய்யாது.

கைப்பதிவு என்றால் கணக்கில்லாமல் கொடுப்பது என்று பொருளல்ல. இங்கேதான் எச்சரிக்கை தேவை. பக்க எண் அச்சிட்ட பதிவேடு, இரட்டைப் பிரதி ரசீது, ஒருவருக்கு இவ்வளவுதான் என்ற உச்ச வரம்பு, பெற்றவரின் கையொப்பம் அல்லது பெருவிரல் மைப்பதிவு, அக்கம்பக்கத்தார் ஒருவரின் சாட்சிக் கையொப்பம் ஆகியவை வேண்டும். கருவி உயிர் பெற்றதும் இரண்டு நாளுக்குள் அவற்றை அதில் ஏற்றிவிட வேண்டும். லூசியானாவில் தவறியது இந்த வரம்புதான். கைப்பதிவு என்றால் திருட்டுக்கு வழி என்று சொல்பவர்களுக்கும் ஒரு பதில் உண்டு. 2020-ல் பிரதமர் கிசான் திட்டத்தில், அதிகாரிகளின் கடவுச்சொற்களைத் தவறாகப் பயன்படுத்தித் தமிழகத்தில் தகுதியற்றவர்கள் லட்சக்கணக்கில் சேர்க்கப்பட்டது முழுக்க முழுக்கக் கணிப்பொறியில்தான் நடந்தது. காஞ்சிபுரமும் அந்த மாவட்டங்களின் பட்டியலில் இருந்தது. காகிதமோ கணிப்பொறியோ, பிறகு ஒருவர் உட்கார்ந்து சரிபார்க்கவில்லை என்றால் இரண்டும் ஒன்றே.

உத்திரமேரூர் சென்றால் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டைப் பாருங்கள். குடவோலை முறைக்காகப் பலரும் அதைப் பேசுகிறார்கள். எனக்குப் பிடித்தது வேறொரு விதி. ஏரி வாரியம் போன்ற வாரியங்களில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரும், அவருடைய உறவினரும் மறுபடி தேர்வுக்கு நிற்கக் கூடாது என்று அதில் வெட்டியிருக்கிறார்கள். ஆயிரத்து நூறு ஆண்டுகளாகியும் அந்தப் பதிவு அழியவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நெல் கொள்முதலில் கைப்பதிவு இன்னும் அவசரமானது. நவரை நெல் களத்துக்கு வரும் சித்திரை, வைகாசியில் கோடை மழை எந்த மாலையிலும் கொட்டலாம். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் காய்ந்த நெல், ஒரு மழையில் மீண்டும் நனைந்தால் முளைவிடும். இணையப் பதிவு நின்றுவிட்ட நாளில் வந்த நெல்லை எடை போட்டு, ஈரப்பதம் குறித்து, வரிசை எண்ணுடன் சீட்டு எழுதிக் கொடுத்து, மூட்டைகளை உள்ளே அடுக்கிவிடலாம். பணம் இரண்டு நாள் தாமதமாக வந்தால் உழவர் பொறுத்துக்கொள்வார், நனைந்த நெல்லைத்தான் திருப்பிக் காய வைக்க முடியாது.

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களையும் கணிப்பொறிமயமாக்க 2022 ஜூனில் மத்திய அரசு 63,000 சங்கங்களுக்கு ரூ.2,516 கோடியில் திட்டம் வகுத்தது. நல்ல திட்டம். பேரேட்டைத் தூக்கிப் பரணில் போடும் முன், மார்ச் 31, செப்டம்பர் 30 ஆகிய இரு நாட்களின் கடன் பாக்கியையும் வைப்புத்தொகையையும் அச்சிட்டு ஒவ்வொரு உறுப்பினரிடமும் கொடுத்துவிட்டால், கணிப்பொறி அழிந்தாலும் ஊரின் கணக்கு அழியாது. பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் இதுவே பொருந்தும். நூல் வாங்கிய எடையும் கூலிப் பாக்கியும் உறுப்பினர் கையில் காகிதமாக இருக்கட்டும்.

அத்துடன் ஓர் ஒத்திகையும் அவசியம். கூட்டம் குறைந்த ஒரு மாதக் கடைசி நாளில் கருவியை அணைத்துவிட்டுப் பத்துக் குடும்பங்களுக்குக் கைப்பதிவில் பொருள் வழங்கிப் பார்க்க வேண்டும். பதிவேடு எங்கே, கார்பன் தாள் இருக்கிறதா, மை டப்பா காய்ந்துவிட்டதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். கருடசேவை நாளில் எந்தத் தெருவை மூடுவது, பஸ்ஸை எந்தப் பக்கம் திருப்புவது என்று முன்கூட்டியே தீர்மானிக்கும் ஊர் இது. இதற்கு மட்டும் பயிற்சி வேண்டாம் என்பது பொருந்தாது.

குடும்பங்கள் செய்து கொள்ள வேண்டியவை

ஆதார், குடும்ப அட்டை, பாஸ் புத்தகத்தின் முதல் பக்கம், பட்டா, சிட்டா, காப்பீட்டு ரசீது ஆகியவற்றின் நகல்களை ஒரு பாலிதீன் உறையில் போட்டு உயரமான இடத்தில் வையுங்கள். பாஸ் புத்தகத்தில் மாதம் ஒரு முறை வரவு பதியச் செய்யுங்கள். செல்போன் குறுஞ்செய்தி மட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள்.

செல்போன் எண் மிக முக்கியம். விரல் பொருந்தாதபோது கைகொடுப்பது அந்த எண்ணுக்கு வரும் ஓ.டி.பி. எண்தான். 90 நாட்களுக்கு மேல் பயன்படுத்தாமல் விட்ட எண் வேறொருவருக்குப் போய்விடலாம். ஊரைவிட்டுப் போன மகனின் எண்ணைக் கொடுத்திருந்தால் மாற்றிக் கொள்ளுங்கள்.

விரல் ரேகை தேய்ந்தவர்கள் பத்து விரல்களையும் ஒரு முறை சோதித்து, எது நன்றாகப் பதிகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். பெருவிரல்தான் வைக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. முதல் நாள் இரவு தேங்காய் எண்ணெய் தடவி, மறுநாள் சோப்பால் கழுவித் துடைத்துவிட்டுச் சென்றால் ஓரளவு பயன் உண்டு. சாயவேலை முடித்த கையோடு போகாதீர்கள். அப்படியும் பதியாதவர்கள் கருவிழிப் பதிவு உள்ள கடையா என்று விசாரிக்கலாம். ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பித்தும் கொள்ளலாம்.

பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாளில் போகும் வழக்கத்தை விட வேண்டும். கடைசி மூன்று நாட்களில் எல்லோரும் ஒரே சர்வரைத் தட்டுகிறார்கள். சம்பா நெல்லுக்கான கெடுவை அரசு பல ஆண்டுகள் நீட்டித்திருப்பது உண்மையே. நீட்டிப்பார்கள் என்ற நம்பிக்கையில் அடங்கல் வாங்கப் போகாமல் இருப்பது சரியன்று. யூரியாவையும் தேவைப்படும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே, தேவையான அளவு மட்டும் வாங்கி, தரையில் படாமல் பலகை மேல் அடுக்கி வாயைக் கட்டி வையுங்கள்.

அக்டோபர் 2 அன்று கிராம சபை கூடுகிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் கேட்பதற்கு அதுவே ஏற்ற நாள். நமது ரேஷன் கடையில் விதிவிலக்குப் பதிவேடு இருக்கிறதா, கடைசியாக அதில் எப்போது எழுதப்பட்டது, கொள்முதல் நிலையத்தில் இணைப்பு இல்லாத நாளில் சீட்டு கொடுப்பார்களா என்று மூன்று கேள்விகளைக் கேட்டு, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். இதற்கிடையில் ரேஷன் கடையில் கருவியைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பினால், நாள், நேரம், கடை எண் ஆகியவற்றைக் குறித்துக் கொண்டு 1967 என்ற எண்ணுக்குப் புகார் சொல்லலாம்.